முதல் மாத்திரை அக்காவுக்கு

ஈப்போவில், புந்தோங் பக்கத்தில் நாங்கள் குடியிருந்த ப்ளாட்டில், புதிதாக வந்த சத்து மாத்திரை எதுவும் நேராக யார் வாய்க்கும் போனதில்லை. முதலில் அது மூன்றாவது மாடிக் கடைசி வீட்டு அக்காவிடம் போகும். அக்கா அதிலிருந்து ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், நாக்கு நுனியில் ஒரு தடவை வைத்துப் பார்ப்பார். பிறகு பச்சைத் தண்ணீரில் விழுங்கிவிட்டு, "நாளைக்கு வாங்க" என்பார். மறுநாள் அக்கா வழக்கம்போல வேலைக்குக் கிளம்பினால் அது நல்ல மாத்திரை.

கேலி செய்வதாக நினைக்க வேண்டாம். கேலி செய்யும் தகுதி எனக்குக் கிடையாது. நானே மாத்திரைகளை அவரிடம் கொண்டு போய்க் கொடுத்தவள்தான்.

நான் அப்போது ஈப்போ டவுனில் ஒரு மருந்துக் கடையில் வேலை பார்த்தேன். காலாவதி தேதி நெருங்கிய வைட்டமின் டப்பாக்களை முதலாளி மலிவாகக் கொடுத்துவிடுவார். சில சமயம் சும்மாவே தருவார். அதைத் தூக்கிக்கொண்டு வந்து ப்ளாட்டில் கொடுத்தால் சந்தோஷமாக வாங்குவார்கள் என்று ஆரம்பத்தில் நினைத்தேன். யாரும் வாங்கவில்லை. கையில் காசில்லாதவர்கள் இலவசமாக வருவதை எல்லாம் வாயில் போட்டுக்கொள்வார்கள் என்று நினைப்பது, காசில்லாமல் இருந்து பார்க்காதவர்களின் நினைப்பு. உடம்பு படுத்துக்கொண்டால் அன்றைய சம்பளம் போச்சு. அதனால் அவர்கள்தான் ரொம்பவும் யோசிப்பார்கள்.

ஆளுக்கொரு காரணம் இருந்தது. இரண்டாவது மாடியில் காலையில் நாசி லெமாக் சோறு விற்கும் மலாய்க்கார மாச்சிக், டப்பாவைத் திருப்பித் திருப்பி ஹலால் முத்திரையைத் தேடுவார். முத்திரை இருந்தாலும் மனசு ஒப்பாது. எதிர் வீட்டுச் சீன அங்கிளுக்கு எல்லா மாத்திரையும் "பானாஸ் லா", உடம்புக்குச் சூடு. நான்காவது மாடியில் செக்யூரிட்டி வேலை பார்த்த அண்ணன் ஒருவர் இருந்தார். அவர் சொன்ன காரணத்தை நான் இன்றைக்கும் மறக்கவில்லை. "வைட்டமின் போட்டா பசிக்கும்மா. பசிச்சா சோத்துக்கு எங்க போறது?"

இவர்கள் யாரும் டப்பாவில் அச்சடித்திருந்ததை நம்பவில்லை. கிளினிக்கில் சொன்னதைப் பாதி நம்பினார்கள். என்னை நம்பவே இல்லை, நான் விற்கிறவள். நம்பியது அக்காவின் வயிற்றை மட்டும்தான். "காக்காக் மாக்கான் டுலு" என்பார் மாச்சிக். அக்கா முதலில் சாப்பிடட்டும் என்று அர்த்தம்.

மறுநாள் அக்கா சொல்லும் தீர்ப்பு எந்த டப்பாவிலும் இருக்காது. "இது கசப்பு இல்ல, ஆனா பெருசா இருக்கு. தொண்டையில நிக்கும், ரெண்டு மொடக்கு தண்ணி வேணும்." "இது போட்டா தூக்கம் வருது, வண்டி ஓட்டுறவங்களுக்கு வேணாம்." "மீன் எண்ணெய் நல்லாத்தான் இருக்கு. ஏப்பம் விட்டா பஸ்ல பக்கத்துல ஒக்காந்தவன் எந்திரிச்சுப் போயிருவான்." மாச்சிக்கிடம் மலாயில் சொல்வார், அங்கிளிடம் பாதி மலாய் பாதிக் கை ஜாடை. வெள்ளிக்கிழமை மட்டும் மீன் எண்ணெயைத் தொடமாட்டார். விரதம். "சனிக்கெழம கொண்டா தங்கச்சி, சாமியையும் சோதிக்கணுமா?" என்பார். நான் கடையில் அவர் சொன்னதையே சொல்லி எத்தனையோ டப்பா விற்றிருக்கிறேன். முதலாளி என்னைக் கெட்டிக்காரி என்றார். நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

ஒரே ஒரு தடவை ப்ளாட் முழுக்கப் பீதி பிடித்தது. நான் கொடுத்த பி காம்ப்ளெக்ஸ் மாத்திரையை விழுங்கிய அக்கா, மறுநாள் காலை என் வீட்டுக் கதவைத் தட்டினார். முகம் வெளுத்திருந்தது. குரலைத் தாழ்த்திக்கொண்டு, "தங்கச்சி, மஞ்சளா போகுது. சாதா மஞ்ச இல்ல, ரோட்டுல கோடு போடுவான்ல, அந்த மஞ்ச" என்றார். நான் கடைக்கு ஓடிப்போய் முதலாளியைக் கேட்டுக்கொண்டு வந்து, அது சாதாரணம்தான், மிச்சமான சத்து வெளியே போகிறது என்று சொல்வதற்குள் காரியம் கெட்டுவிட்டது. மாச்சிக் வீட்டில் இருந்ததைக் குப்பையில் போட்டாயிற்று. செக்யூரிட்டி அண்ணன் மஞ்சள் காமாலை என்று முடிவு கட்டி, கீழாநெல்லி பறித்துக்கொண்டு வந்து நின்றார். அங்கிள் மட்டும் குஷியாகிவிட்டார். உடம்பில் இருந்த விஷம் எல்லாம் வெளியே போகிறது, நல்ல மருந்து என்று அவர் கணக்கு. அது வரைக்கும் தொடாதவர் அன்றிலிருந்து அந்த மாத்திரையை விடவே இல்லை. அக்கா மறுநாள் வீடு வீடாகப் போய் விளக்கம் சொன்னார். சொன்னது தப்பாகிவிட்டது என்று அவருக்கு அத்தனை வருத்தம்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கேட்டேன். அக்கா நடைபாதையில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்து வளர்ந்தவர் அவர். இப்போது அங்கே வரிசை வீடுகள் வந்துவிட்டன.

"மழ விட்டா விழுந்த மரத்துல காளான் மொளைச்சிருக்கும். அம்மா பறிச்சிட்டு வந்து புளி ஊத்திக் கொழம்பு வைக்கும். எது நல்ல காளான், எது கெட்டதுன்னு யாருக்குத் தெரியும்? மொதல்ல எனக்கு ஒரு கரண்டி. நான்தான மூத்தவ. எல்லாரும் சுத்தி ஒக்காந்து என்னையவே பாத்துக்கிட்டு இருப்பாங்க."

"எவ்ளோ நேரம்?"

"அம்மா பைப்படிக்குப் போயி ஒரு கொடம் தண்ணி புடிச்சிட்டு வர்ற வரைக்கும். வந்து என் மொகத்தப் பாக்கும். ஒண்ணும் ஆவலன்னா மத்தவங்களுக்கு ஊத்தும்."

"உங்களுக்கு?"

"நான்தான் சாப்ட்டுட்டேனே."

கீரைக்காம்பைக் கிள்ளிக்கொண்டே சொன்னார். ஒரு தடவைகூட ஒன்றும் ஆகவில்லையா என்று கேட்டேன். இரண்டு தடவை வாந்தி எடுத்தாராம். குழம்பைக் கொட்டிவிட்டார்களாம். "அன்னிக்கு ராவு பூரா அம்மா என்னைய மடியில போட்டுக்கிச்சு. ஆறு புள்ளைங்க இருந்த வீட்ல மடி எங்க கெடைக்கும்?" என்று சொல்லிச் சிரித்தார்.

அந்த அம்மாவை எனக்குப் பிடிக்கவில்லை. முகத்தில் தெரிந்திருக்க வேண்டும்.

"கோவப்படாத தங்கச்சி. ஒருத்தர் போட்டுப் பாக்கத்தான் வேணும். கைப்புள்ளைக்கா குடுக்க முடியும்?"

இந்தப் பேச்சு நடந்த பிறகும் நான் அவரிடம் மாத்திரை கொண்டு போவதை நிறுத்தவில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். அடுத்த வருடம் நான் பிள்ளை உண்டாகி இருந்தபோது கிளினிக்கில் இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள். மருந்துக் கடையில் வேலை பார்க்கிறவள், அது என்ன மாத்திரை என்று நன்றாகத் தெரிந்தவள், அதையும் அக்காவிடம் எடுத்துக்கொண்டு போனேன். வயிற்றில் பிள்ளையோடு இருக்கும்போது படிப்பு எங்கே துணைக்கு வருகிறது? அக்கா ஒன்றை விழுங்கிப் பார்த்துவிட்டு, "கருப்பா போகும், பயப்படாத. வெறும் வயித்துல போட்டா பெரட்டும், ஒரு பிஸ்கட்ட கடிச்சிக்க" என்றார். நான் ஒரு நாள் விடாமல் போட்டேன். என் மகள் கொழுகொழுவென்று பிறந்தாள்.

அந்த மகளுக்கு இரண்டு வயது நடக்கும்போதுதான் அக்கா வேலை பார்க்கும் இடத்தில் விழுந்தார். ஒரு பள்ளிக்கூடத்தில் கூட்டிப் பெருக்கும் வேலை. விளக்குமாற்றைப் பிடித்தபடியே சரிந்துவிட்டாராம். நான்தான் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போனேன். அவருடைய மகன் ஜோகூரில் இருந்தான். அக்காவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. மாதாமாதம் ரத்தம் கொட்டிக்கொண்டிருந்திருக்கிறது. வயதுக்கு வந்த நாளிலிருந்தே அப்படித்தான், பெண்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று அவர் நினைத்திருக்கிறார். பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார்கள். ஆனால் ரத்த அளவு ஏழுதான் இருக்கிறது, பத்துக்கு மேல் ஏறினால்தான் தேதி தரமுடியும் என்றார்கள். மூன்று மாதத்துக்கு இரும்புச்சத்து மாத்திரை. தினம் போட வேண்டும், டீ குடித்த வாயோடு போடக்கூடாது. இதை டாக்டர் ஒரு தடவையும் நர்ஸ் மிஸ்ஸி ஒரு தடவையும் சொன்னார்கள். பஸ்ஸில் வரும்போது நான் ஒரு தடவை சொன்னேன்.

ஒரு மாதம் கழித்து மறுபடி ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். ஏழு, ஆறரை ஆகியிருந்தது.

"மாத்திர போடலையாக்கா?" என்றார் மிஸ்ஸி.

"போட்டேனே."

"தெனமுமா?"

அக்கா குனிந்து செருப்பைப் பார்த்தார். மிஸ்ஸி இன்னொரு மாதத்துக்கு மாத்திரை கொடுத்து அனுப்பினார். வெளியே பஸ் ஸ்டாப்பில் உட்கார்ந்து நான் விசாரணையை ஆரம்பித்தேன்.

"எத்தன போட்டீங்க?"

"ஒண்ணு."

"ஒண்ணா?"

"நல்ல மாத்திரதான் தங்கச்சி. வயித்த ஒண்ணும் பண்ணல."

"மிச்சம் எங்க?"

மாச்சிக்கின் மகள் புதிதாகப் பிள்ளை பெற்றிருந்தாள், அவளுக்குக் கொஞ்சம். அங்கிள் வீட்டம்மாவுக்கு அடிக்கடித் தலைசுற்றல், அங்கே கொஞ்சம். செக்யூரிட்டி அண்ணனின் மனைவிக்குக் கொஞ்சம். ஒவ்வொரு வீட்டிலும் டீ குடிக்காமல் போடச் சொல்லி, கருப்பாகப் போகும் என்று சொல்லி, பிஸ்கட்டைக் கடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். டாக்டர் சொன்னதில் ஒரு வார்த்தை தவறவில்லை.

எனக்கு வந்த கோபத்தில் ரோடு என்றும் பார்க்கவில்லை. "அது உங்களுக்குக் குடுத்த மாத்திரக்கா. ஊருக்குக் குடுத்தது இல்ல. ரத்தம் ஏறலன்னா ஆபரேஷன் கெடையாது, தெரியுமா? நீங்க செத்துப் போயிருவீங்க" என்று கத்தினேன். செத்துப் போவீர்கள் என்று ஒருவர் முகத்துக்கு நேரே நான் சொன்னது அந்த ஒரு தடவைதான்.

அக்கா என்னைச் சமாதானப்படுத்துகிற மாதிரி என் முழங்கையைத் தொட்டார். "நான்தான் போட்டுட்டேனே தங்கச்சி" என்றார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிடிவாதம் இல்லை, பயம் இல்லை, மறதியும் இல்லை. மாத்திரை என்றால் அவருக்கு ஒன்றுதான். அதை விழுங்கியதும் அவர் வேலை முடிந்தது. இரண்டாவது மாத்திரை என்று ஒன்று தனக்கு உண்டு என்பதே அவருக்குத் தெரியாது. பல வருடமாக நாங்கள் எல்லோரும் சேர்ந்து அவர் கையில் முதல் மாத்திரையைக் கொடுத்தோம். இரண்டாவதை ஒருவர்கூடக் கொடுக்கவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேராக மாச்சிக்கிடம் போய்ச் சொன்னேன். மாச்சிக் உள்ளே போய் ஒரு பிளாஸ்டிக் பையை எடுத்து வந்து மேசைமேல் வைத்தார். பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. அதை என் பக்கம் தள்ளிவிட்டு, அக்கா முதல் மாத்திரையைத்தானே விழுங்குவார், நாம் தினமும் முதல் மாத்திரையாகவே கொடுத்தால் என்ன என்றார். நாசி லெமாக் மடிக்கும் கைக்கு இப்படி ஒரு மூளை இருக்கிறது என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. கிளினிக்கில் இரண்டாவது முறை கொடுத்ததை, வீட்டில் வைத்தால் மறுபடி தானம் போய்விடும் என்று அக்காவிடமிருந்து நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவர் மறுப்புச் சொல்லவில்லை.

மறுநாள் காலையில் மாச்சிக் ஒரே ஒரு மாத்திரையைக் கிண்ணத்தில் போட்டு எடுத்துக்கொண்டு மேலே போனார். தன் மகன் கோலாலம்பூரிலிருந்து அனுப்பியது, புதுசு, காக்காக் மாக்கான் டுலு. அதற்கு அடுத்த நாள் அங்கிள், நாள்காட்டித் தாளில் மடித்து ஒன்று கொண்டு வந்தார். "நியூ, நியூ. யூ ட்ரை." மூன்றாம் நாள் நான், கடையில் புதிதாக வந்திருக்கிறது என்று சொல்லி. பிறகு மறுபடி மாச்சிக். எல்லாம் அதே சிவப்பு மாத்திரை.

வழக்கம்போல அக்கா வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார், மோந்து பார்ப்பார், விழுங்குவார். மறுநாள் தீர்ப்புச் சொல்வார். "முந்தாநாளு அங்கிள் குடுத்தத விட இது பரவால்ல" என்று ஒரு நாள் என்னிடமே சொன்னார். நான் சிரிப்பை அடக்கிக்கொண்டு தலையாட்டினேன்.

காரியத்தைக் கெடுக்கப் பார்த்தவர் செக்யூரிட்டி அண்ணன். இத்தனை வருடத்தில் ஒரு மாத்திரைகூடக் கொண்டு வராத மனுஷன், திடீரென்று ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு வந்து நின்றால் யார் நம்புவார்கள்? அன்று நானும் அங்கே இருந்தேன்.

"ஒங்களுக்குத்தான் மாத்திர போட்டா பசிக்குமேண்ணே" என்றார் அக்கா.

அண்ணன் திருதிருவென்று விழித்தார். "அதான்… நீங்க போட்டுப் பாத்துச் சொல்லுங்க, பசிக்குதா இல்லையான்னு."

அக்கா அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு விழுங்கினார். மறுநாள், "பசிக்குதுண்ணே" என்று சொன்னார். அதற்குப் பிறகு அண்ணனின் முறை வரும் நாளில் மாத்திரையோடு இரண்டு ரொட்டி சானாயும் வந்தது.

அக்காவுக்குத் தெரிந்திருந்ததா? தெரிந்துதான் இருந்தது. ஒரு நாள் மாச்சிக்கிடம், இது அதே மாத்திரைதானே என்று கேட்டாராம். மாச்சிக் முகத்தை விறைப்பாக வைத்துக்கொண்டு, "லாய்ன், லாய்ன்" என்றாராம். வேறே, வேறே. அக்கா மாச்சிக்கின் முகத்தைப் பார்த்துவிட்டு, வாயைத் திறந்து போட்டுக்கொண்டாராம். உங்களுக்காக என்று கொடுத்திருந்தால் யாருக்காவது தூக்கிக் கொடுத்திருப்பார். எங்களுக்காக என்று கொடுத்ததால் விழுங்கினார். அதற்குப் பிறகு வந்த மூன்று மாதமும் ஒரு நாள் தவறாமல் எங்கள் பொய்யை அவர் காப்பாற்றினார்.

ரத்தம் பத்தரைக்கு ஏறியது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறு வருடம் மகன் வந்து அவரை ஜோகூருக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். ஒன்றிரண்டு தீபாவளிக்குப் போன் வந்தது. பிறகு அந்த நம்பர் வேலை செய்யவில்லை, நானும் ப்ளாட்டைக் காலி செய்துகொண்டு வந்துவிட்டேன். இப்போது நானிருக்கும் வரிசை வீட்டில் பக்கத்து வீட்டுக்காரர் என்ன மாத்திரை போடுகிறார் என்று எனக்குத் தெரியாது. அந்த ப்ளாட்டின் சத்தத்தை, அந்த விசாரிப்பை, மனசு எத்தனை தடவை தேடுகிறது என்று சொன்னால் என் வீட்டுக்காரர் சிரிப்பார்.

அக்காவை நினைத்தால் எனக்கு ஆஸ்பத்திரி ஞாபகம் வருவதில்லை. ஆபரேஷனுக்கு இரண்டு வாரம் இருக்கும்போது ஒரு மதியம் அவர் என் கடைக்கு வந்து நின்றதுதான் ஞாபகம் வரும். அதற்கு முன் அவர் கடைப்பக்கம் வந்ததே இல்லை. முகம் ஒரு மாதிரி இருந்தது. மறுபடி ரத்தம் போகிறதோ என்று பயந்துபோனேன்.

"என்னக்கா, வேலைக்குப் போகலையா?"

"போனேன். முடிஞ்சிருச்சு."

"அதுக்குள்ளயா?"

"அதான். மணி ரெண்டுதான் ஆவுது. எல்லா வகுப்பும் கூட்டிட்டேன், கக்கூஸ் கழுவிட்டேன். நடுவுல ஒரு எடத்துலகூட ஒக்காரல." கோபமாகச் சொல்வது போல இருந்தது. "ஒண்ணு கேக்குறேன் தங்கச்சி, சிரிக்காத. நீ எப்பவும் இப்படித்தான் இருப்பியா?"

"எப்படி?"

"ஒடம்பு இருக்கிறதே தெரியாம."

நான் யோசித்துப் பார்த்தேன். "ஆமாக்கா."

"மாச்சிக்கும்? மத்தவங்களும்?"

"பெரும்பாலும் அப்படித்தான்."

அக்கா கல்லா மேசையை ஒரு கையால் பிடித்துக்கொண்டார். "பதினாலு வயசுல தோட்டத்துல பால்மரம் வெட்டப் போனேன். கூட வந்தவங்க எல்லாம் முடிச்சிட்டு பாலு எடுக்கப் போயிருவாங்க. நான் பாதி நெரையில ஒக்காந்துருவேன். காலையில ஆள் கணக்கு எடுக்கும்போது எல்லாருக்கும் முன்னால நிக்க வச்சு, சோம்பேறிக் கழுதம்பான் கங்காணி. கட்டிக்கிட்டுப் போன வீட்லயும் அதே பேச்சு. இந்த ஸ்கூல் சூப்பர்வைசரும் அதத்தான் சொல்லுது. நானும் சரின்னு இருந்துட்டேன். நம்ம பொறப்பு சோம்பேறிப் பொறப்பு, என்னா செய்யிறதுன்னு."

நாற்பத்தெட்டு வயது மனுஷி, இருமல் மருந்து அடுக்குக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு முந்தானையால் வாயைப் பொத்தி அழுதார். சாமான் வாங்க வந்தவர்கள் விலகிப் போனார்கள். முதலாளி உள்ளே போய்விட்டார்.

நான் வெளியே வந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். எனக்கும் அழுகை வந்துவிட்டது.

"நீங்க சோம்பேறி இல்லக்கா" என்றேன்.

"தெரியுது" என்றார். "இப்பத்தான் தெரியுது."